எச்சிலில் நியூரோபெப்டைடு அளந்தால் தீராத வாய் எரிச்சலின் காரணம் தெரியுமா?

தெரியாது. நியூரோபெப்டைடு என்பது நரம்புகள் வெளிவிடும் சிறு புரதத் துண்டு. பல நோயாளிகளைக் குழுவாக ஒப்பிடும் ஆய்வுக்கு அந்த அளவீடு உதவும். ஒரு தனி ஆளுக்கு நோயை உறுதி செய்யவோ மருந்தை முடிவு செய்யவோ இன்றைக்கு அது போதாது.

நாக்கின் மேற்பரப்புக்குள் நுழையும் மெல்லிய வலி நரம்பு இழைகள் சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பி என்ற இரண்டு நியூரோபெப்டைடுகளை வெளிவிடுகின்றன. தீராத வாய் எரிச்சல் உள்ளவர்களின் நாக்கில் அந்த இழைகள் குறைந்திருப்பதை 2005இல் இத்தாலியில் நடந்த திசு ஆய்வு காட்டியது. இழைகள் குறைந்தால் பெப்டைடும் குறைய வேண்டும். மிஞ்சிய இழைகள் அதிகம் தூண்டப்பட்டால் கூட வேண்டும். இரண்டும் ஒரே நாக்கில் நடக்கலாம். சில ஆய்வுகளில் சப்ஸ்டன்ஸ் பி குறைவாகவும், சிலவற்றில் வேறுபாடே இல்லாமலும் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மாதிரி எடுப்பதிலேயே பாதி ஆய்வு கெட்டுப்போகும். சாப்பிட்டோ பல் துலக்கியோ குறைந்தது ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, எதையும் மெல்லாமல், தலையைக் குனிந்து, ஊறும் எச்சிலை ஐஸில் வைத்த குழாயில் 5 முதல் 10 நிமிடம் வழியவிட வேண்டும். பஞ்சில் உறிஞ்சி எடுத்தால் பெப்டைடு பஞ்சிலேயே ஒட்டிக்கொள்ளும். எச்சிலில் உள்ள நொதிகள் பெப்டைடை வேகமாகச் சிதைப்பதால், நொதித் தடுப்பானை உடனே சேர்த்து, கருவியில் வேகமாகச் சுழற்றி, மேலே தெளியும் நீரை மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். ஈறில் ரத்தம் கசிந்தால் அந்த மாதிரியை ஒதுக்குவதே நல்லது. வாய் உலர்ந்தவரிடம் அளவு கூடித் தெரிவது எச்சிலில் நீர் குறைந்து அது செறிந்ததாலும் இருக்கலாம். நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் சுரந்தது என்பதையும் குறிக்காத எண்ணை நம்பாதீர்கள். எதையும் மெல்லாத நிலையில் நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் அதுவே தனிப் பிரச்சினை.

ஆகவே பணத்தை வேறு சோதனைகளுக்குச் செலவிடுங்கள்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), வைட்டமின் பி12, ஃபோலேட், சர்க்கரை, தைராய்டு, வாயில் பூஞ்சைத் தொற்று. எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரையும் எரிச்சல் தரலாம். அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். இவை எதுவும் காரணமாக இல்லாமல், வாயில் புண்ணோ வேறு மாற்றமோ தெரியாமல், தினமும் 2 மணி நேரத்துக்கு மேல் 3 மாதத்தைத் தாண்டி எரிந்தால்தான் இது வாய் எரிச்சல் நோய்.

நாக்கு நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி ஒரு நல்ல வழிகாட்டி. போட்டதும் எரிச்சல் அடங்கினால் கோளாறு பெரும்பாலும் நாக்கு நரம்பில்; அடங்காவிட்டால் மூளைப் பாதையில் இருக்கலாம். முதல் வகையினருக்கு, மருத்துவர் எழுதித் தந்தால், குளோனசெபம் என்ற, நரம்பை அமைதிப்படுத்தும் 1 மில்லிகிராம் மாத்திரையைச் சப்பி, அந்த எச்சிலை விழுங்காமல் எரியும் இடத்தில் 3 நிமிடம் வைத்திருந்து துப்பும் முறை பலன் தர வாய்ப்பு அதிகம். ஆய்வில் இதைத் தினம் மூன்று வேளை, 14 நாள் செய்தார்கள். துப்பினாலும் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள், மதுவோடு சேர்க்காதீர்கள்.