ஊரை விட்டுப் போன ஸ்டார் பிளேயரை எங்கள் கூடைப்பந்து அணி திரும்பச் சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பழைய இடத்தில் இல்லை. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: ஊர் அணி, வேலை கிடைத்து வெளியூர் போன பெரிய ஆட்டக்காரர், ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வந்து 'நானும் ஆடுகிறேன்' என்கிறார். பெரியவர்களுக்குச் சம்மதம், பையன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மீதியை நான் ஊகித்துக்கொள்கிறேன். உங்கள் அணியில் மொத்தம் பத்துப் பேர் இருப்பார்கள், ஒழுங்காக வருவது ஏழு பேர். பந்து இரண்டு, அதில் ஒன்று தோல் உரிந்தது. அவர் போன பிறகு கேப்டன் ஆனவர் நீங்கள்தான். தப்பென்றால் மன்னிக்கவும். ஆனால் வேறு யாரும் இந்தக் கேள்வியை இரவு பன்னிரண்டரை மணிக்குக் கேட்க மாட்டார்கள்.

இங்கே ஏற்கெனவே இரண்டு பேர் அமெரிக்க ஆட்டக்காரர் லெப்ரான் ஜேம்ஸ் கதையை எழுதிவிட்டார்கள். 2010-இல் கிளீவ்லாந்தை விட்டு மியாமி போனார், 2014-இல் திரும்பினார், 2016-இல் மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்த இறுதித் தொடரைத் திருப்பிக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். எல்லாம் சரி. திரும்பும்போது அவருக்கு வயது 29 என்பதையும், இடைப்பட்ட நாலு வருடம் கிளீவ்லாந்து தோற்றுக்கொண்டே கைரி இர்விங் மாதிரி இளம் ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தது என்பதையும் யாரும் எழுதவில்லை. ஆலன் ஐவர்சன் 2009 கடைசியில், 34 வயதில் தன் பழைய அணியான பிலடெல்பியாவுக்குத் திரும்பினார். இருபத்தைந்து ஆட்டம், அவ்வளவுதான். உங்கள் ஆளுக்கு வயது என்ன, மூட்டு எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேள்வியில் சொல்லவே இல்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். கொடைக்கானலுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். ஏழாயிரம் அடி உயரத்தில் ஒரு சிமெண்ட் கோர்ட், இரண்டு ரிங். எங்களில் பாதிப் பேர் வீட்டில் பூண்டு, உருளைக்கிழங்கு விவசாயம். மே மாதம் வந்தால் பஸ் பிடித்து மலை இறங்கி, காட்ரோட்டில் மாறி, பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பார்க்கப் போவோம். இந்தியன் வங்கி, ஐஓபி, ராணுவம், கப்பற்படை என்று பெரிய அணிகள் எல்லாம் வரும். எங்கள் பந்தையும் எடுத்துக்கொண்டு போவோம். மேலே குடித்து மூடிய தண்ணீர் பாட்டில் கீழே வந்ததும் நசுங்குகிற மாதிரி, மேலே காற்றடித்த பந்தும் அங்கே போய் சொங்கிவிடும். பத்தொன்பது வயதில் அந்தச் சொங்கிப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கேலரியில் உட்கார்ந்து, "ரெண்டு வருஷத்துல நான் உள்ள ஆடுவேன்டா" என்றான் அவன்.

சொன்னபடி ஆடினான். பெயர் வேண்டாம், பதினொன்று என்றே சொல்கிறேன், அது அவன் ஜெர்சி நம்பர். (அப்போது சர்வதேச விதிப்படி 4 முதல் 15 வரைதான் நம்பர். இப்போது பையன்கள் 77, 99 என்று போடுவதைப் பார்த்தால் எனக்கு லாரி நம்பர் ஞாபகம்தான் வருகிறது.) 2004-இல் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சென்னையில் வேலை கிடைத்தது. அடுத்த வருடமே பெரியகுளத்தில் ஆடினான். நாங்கள் பதினான்கு பேர் தொண்டை கிழியக் கத்தினோம். ஆட்டம் முடிந்து பஸ்ஸில் ஏறும்போது எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். இறங்கி வரவில்லை. அவனுக்கு மேனேஜர் இருந்திருப்பார், நேரம் இருந்திருக்காது, எல்லாம் புரிகிறது. இருபது வருடம் கழித்தும் இதை எழுதுகிறேன் பாருங்கள்.

அவன் போன பிறகு கேப்டன் நான். ஆட்டத்தில் நான் சுமார்தான். ட்ரிப்ளிங் வரும், ஷூட்டிங் வராது. ஆனால் காலை ஆறு மணிக்குப் பனியில் வந்து கோர்ட்டைப் பெருக்குவது, நெட் கட்டுவது, யார் வரவில்லையோ அவன் வீட்டு வாசலில் போய் நிற்பது, இதெல்லாம் வரும்.

2010-இல் மூன்று பாயிண்ட் கோட்டை (அதற்கு வெளியே நின்று போட்டால் மூன்று பாயிண்ட், உள்ளே நின்று போட்டால் இரண்டு) தள்ளி வைத்தார்கள். அதுவரை ரிங்கின் நடுவிலிருந்து 6.25 மீட்டர், அதன் பிறகு 6.75. ரிங்குக்குக் கீழே பாவாடை மாதிரி விரிந்திருந்த கட்டமும் நேர்ச் செவ்வகமாக மாறியது. இது எங்கள் கோர்ட்டுக்கு வந்துசேர 2012 ஆகிவிட்டது. அந்தக் கோட்டைப் போட்டவன் நான். ரிங்கிலிருந்து கயிற்றில் கல் கட்டித் தொங்கவிட்டு நடுப்புள்ளியைக் குறித்தோம். ஒரு பையன் கயிற்று நுனியைக் குதிகாலால் மிதித்துக்கொண்டு நிற்க, மறுநுனியில் சாக்பீஸைக் கட்டி நான் குனிந்தபடியே அரைவட்டம் அடித்தேன். மேலே வெள்ளை பெயிண்ட். மூடுபனியில் மூன்று நாள் காயவில்லை, ஒரு நாய் நடந்து போன தடம் ரொம்ப நாள் இருந்தது. பழைய மஞ்சள் கோட்டைச் சுரண்ட ஆளும் இல்லை, காசும் இல்லை. அப்படியே விட்டோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளைக் கோடு ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை. மே மாதக் கூட்டத்துக்கு எங்கள் கோர்ட்டை பார்க்கிங் ஆக்கிவிட்டார்கள். யாரைக் கேட்டு, யார் அனுமதித்தது, வசூலித்த காசு எங்கே போனது, ஒன்றும் தெரியாது. டெம்போ டிராவலர் ரிவர்ஸ் எடுத்ததில் ஒரு போஸ்ட் சாய்ந்தது, இன்றைக்கும் அந்த ரிங் இடப்பக்கம் ஒரு விரல்கடை இறங்கித்தான் இருக்கிறது. 2024-இல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அடுத்த வருடம் நீதிமன்றம் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பு வைத்தது. அந்த ஆறாயிரமும் எங்கேயாவது நின்றுதானே ஆக வேண்டும்? பையன்கள் விளையாடும் இடம்தான் எல்லோர் கண்ணுக்கும் காலி மனையாகத் தெரிகிறது. ஆட இடமில்லாத பையன் வேறு எங்கே போவான் என்று யாரும் கேட்பதில்லை. சரி, விடுங்கள். விஷயம் என்னவென்றால், டயர் தேய்த்ததில் புது வெள்ளை மங்கிவிட்டது. சிமெண்டோடு ஊறிப்போன பழைய மஞ்சள் பளிச்சென்று இருந்தது.

2013 கார்த்திகையில் பதினொன்று திரும்பி வந்தான். 2008-லேயே மூட்டு ஜவ்வு கிழிந்து ஆட்டம் நின்றுபோய், ஐந்து வருடமாக ஆபீஸில் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, தோட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை என்று நீண்ட லீவில் வந்தான். பொங்கலுக்கு எங்கள் ஊரில் போட்டி. மூஞ்சிக்கல் டீக்கடையில் வைத்துப் பெரியவர்கள் முடிவு பண்ணிவிட்டார்கள். ஒரு மாமா என் தோளில் கை போட்டு, "தம்பி, புலி வீட்டுக்கு வந்துருக்கு, கூண்டத் தொறக்க யோசிக்கிறியே" என்றார். நான் யோசிக்கவே இல்லை, சரி என்றுதான் சொன்னேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜெர்சி விஷயம் அப்போதுதான் வந்தது. பதினொன்றாம் நம்பரை மூன்று வருடமாகப் பிளஸ் டூ பையன் ஒருவன் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாமே இவன்தான், இவனுடைய பழைய போட்டோவைப் பர்ஸில் வைத்திருந்தான். யாரும் கேட்கும் முன்பே துவைத்து மடித்துக் கொண்டுவந்து, "அண்ணே, இது உங்களுது" என்று நீட்டினான். பதினொன்று வாங்கிக்கொண்டான். "டேய் நீயே வச்சுக்கடா" என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று நான் எதிர்பார்த்தேன். "எக்ஸ்எல் இல்லையா?" என்று கேட்டான்.

மைக்கேல் ஜோர்டான் 1995-இல் ஓய்விலிருந்து திரும்பியபோது 45 போட்டுக்கொண்டு வந்தார். அவருடைய 23-ஐ அதற்குள் ஓய்வு கொடுத்து மேலே தொங்கவிட்டிருந்தார்கள். பிளேஆஃபில் ஆர்லாண்டோவுடன் முதல் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் பந்தைப் பறிகொடுத்தார், அடுத்த ஆட்டத்துக்கே 23-ஐ எடுத்து மாட்டிக்கொண்டார். அப்படியும் அந்தத் தொடரைத் தோற்றார்கள். கோப்பை வந்தது அடுத்த வருடத்திலிருந்துதான். நம்பரில் ஒன்றும் இல்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன். ஆனால் அந்தப் பையன் அன்றைக்கு பெஞ்சில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தவர்களால் அப்படிச் சொல்ல முடியாது.

மூன்று வாரம் பிராக்டீஸ். மார்கழிக் காலையில் புல்லில் உறைபனி வெள்ளையாக இருக்கும், பந்து கல் மாதிரி இருக்கும், எழும்பாது. அவனால் ஓட முடியவில்லை, டிஃபென்ஸில் நிற்கிறான், அவ்வளவுதான். ஆனால் ஷூட்டிங் போகவில்லை. பத்துக்கு ஏழு விழுந்தது. முழங்கையைப் பார்த்தாலே தெரியும், அது வேறு ஜாதிக் கை. முதல் வாரம் எனக்கும் சந்தோஷம்தான்.

இரண்டாவது வாரம்தான் அவன் காலைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் இடது கால் கட்டைவிரல் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் சரியாகப் போய் நிற்கிறது. பார்ப்பதே இல்லை, கால் தானாகப் போகிறது. பதினாறு வயதிலிருந்து நின்ற இடம். ஆட்டத்தில் அது மூன்று இல்லை, இரண்டு.

நான் சொல்லவில்லை.

அவனுக்கே தெரிந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். கோடு மாறியது ஊர் உலகத்துக்கே தெரியுமே. அப்புறம், சொன்னால் 'எனக்கே சொல்லித் தர்றியா' என்பான் என்று நினைத்தேன். அப்புறம் எதையும் நினைக்காமல் சும்மா இருந்தேன்.

பைனலில் 59-61, ஒன்பது நொடி பாக்கி, பந்து எங்களுடையது. சைடில் இருந்து நான்தான் உள்ளே போட வேண்டும். அவன் எங்கே இருப்பான் என்று எனக்குத் தெரியும், அங்கேயே கொடுத்தேன். சுத்தமான ஷாட். பந்து மேலே இருக்கும்போதே நான் ரெஃப்ரியைப் பார்த்தேன். மூன்று பாயிண்ட் முயற்சி என்றால் அவர் மூன்று விரலைக் காட்டிக் கையைத் தூக்கியிருக்க வேண்டும். கை தூக்கவில்லை. பந்து நெட்டில் விழுந்தது, ஊரே உள்ளே ஓடி வந்தது, அவனைத் தோளில் தூக்கினார்கள். ரெஃப்ரி இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு நின்றார். தோளிலிருந்து அவனை இறக்கிவிடப் பட்ட பாட்டை நான் எழுதப் போவதில்லை. கூடுதல் ஐந்து நிமிடத்தில் அவன் மூட்டு வீங்கிவிட்டது, ஆறு பாயிண்டில் தோற்றோம்.

'அப்படியென்றால் நீதான் தோற்கடித்தாய்' என்பவர்களுக்கு: அரை மீட்டர் தள்ளி நின்றிருந்தால் அந்தப் பந்து விழுந்திருக்கும் என்று யார் சொன்னது? ஓட முடியாத காலோடு அந்தத் தூரத்துக்கு எம்பியிருக்க வேண்டும். தவிர, முதல் பாதியில் நாங்கள் விட்ட ஃப்ரீ த்ரோ பதினொன்று. அதற்கு யாரும் என்னைக் கேட்கவில்லை, வீணாகப் போன ஃப்ரீ த்ரோவை எவன் ஞாபகம் வைத்துக்கொள்கிறான்? இருந்தாலும், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மூன்று வாரம் இருந்தது.

அவன் லீவு முடிந்து போய்விட்டான். ஜெர்சியைத் துவைத்துப் பையன் வீட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் போனான், அதை நான் பிறகுதான் கேள்விப்பட்டேன். பையன் திரும்ப வரவில்லை. பத்தலகுண்டு பக்கம் கல்லூரியில் சேர்ந்தான், இப்போது டாக்ஸி ஓட்டுகிறான், பார்த்தால் ஹாரன் அடிப்பான்.

ஆக, உங்களுக்கு. அவரை ஒரு மாதம் காலை பிராக்டீஸுக்கு வரச் சொல்லுங்கள், மற்றவர்கள் வரும் அதே நேரத்துக்கு. நம்பரைப் பையனிடமிருந்து பிடுங்காதீர்கள், இப்போது 0 முதல் 99 வரை இருக்கிறது, வேறு எடுத்துக்கொள்ளட்டும். முதல் ஐந்தில் வேண்டாம், கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறந்ததையும், அவர் இல்லாதபோது மாறியதையும் அவரிடம் சொல்ல ஒரு ஆளை நியமியுங்கள். அந்த ஆள் நீங்களாக இருக்க வேண்டாம்.

போன வருடம் கோர்ட்டுக்குத் திரும்ப பெயிண்ட் அடித்தோம். அவன் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊரோடு வந்துவிட்டான், சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறான். கயிற்று நுனியை மிதித்துக்கொண்டு ரிங்குக்குக் கீழே அவன்தான் நின்றான். "எவ்வளவு?" என்றான். "ஆறு எழுபத்தஞ்சு" என்றேன். "ம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மஞ்சளயும் சுரண்டிரலாம்டா, பிள்ளைக குழம்புதுக" என்றான். அன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் இரண்டு பேரும் உட்கார்ந்து சுரண்டினோம். பாதிதான் வந்தது.