இரண்டாவது செட்டுக்குப் போங்கள்

கேள்வி: ஜெர்சி சிட்டிக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. ஊரில் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவள். நியூயார்க்கில் ஜாஸ் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, மன்ஹாட்டனில் பேர்போன ஒரு கிளப்புக்கு ஒரு சனிக்கிழமை கணவரோடு போனேன். சாப்பாட்டோடு 200 டாலரைத் தாண்டிவிட்டது. பேசிக்கொண்டிருந்ததற்குப் பக்கத்து மேசைக்காரர் ‘உஷ்’ என்றார். எங்கே கைதட்டுவது என்று புரியவில்லை. சூடு பிடிக்கிற நேரத்தில் பில்லை வைத்து எழுப்பிவிட்டார்கள். நாங்கள் மது அருந்துவதும் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் இதை எப்படித்தான் ரசிக்கிறார்கள்?

பதில்: ஊர்க்காரர்களில் பலர் சனிக்கிழமை முதல் செட்டுக்கு, அதாவது அந்த இரவின் முதல் கச்சேரிக்கு, போவதில்லை. நீங்கள் போன இடத்தைவிட, போன கிழமையும் நேரமும்தான் காலை வாரியிருக்கின்றன.

முதலில் கிளப்புகளின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். நியூயார்க் கிளப்புகளில் ஓர் இரவுக்குப் பெரும்பாலும் இரண்டு செட். ஒவ்வொன்றும் ஒரு மணி, மிஞ்சிப் போனால் ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட் ஒரு செட்டுக்குத்தான். அது முடிந்ததும் அறையைக் காலி செய்து அடுத்த கூட்டத்தை உட்கார வைப்பார்கள். உங்களை எழுப்பிவிட்டது அவமரியாதை இல்லை, அங்கே தினசரி நடப்பதுதான். டிக்கெட்டுக்குக் கொடுப்பதுதான் ‘கவர் சார்ஜ்’, அதாவது நுழைவுக் கட்டணம். அதன் மேல் ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும் என்ற ‘மினிமம்’ தனி. பரிமாறுபவருக்கு 20 சதவீதம் டிப் இன்னொரு தனி. பானம் என்றால் மதுவாக இருக்க வேண்டியதில்லை. இஞ்சி சோடாவோ ஜூஸோ கேட்டால் யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். சாப்பாட்டை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். வெளியே சாப்பிட்டுவிட்டுப் போனாலே செலவு பாதியாகக் குறையும்; தட்டுச் சத்தமும் உங்கள் மேசையிலிருந்து வராது.

இப்போது நேரம். முதல் செட்டுக்கு வருகிறவர்களில் பலர் சுற்றுலா வந்தவர்கள், பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள். இரண்டாவது செட்டில், அதுவும் புதன், வியாழனில், அறை கொஞ்சம் காலியாக இருக்கும். வாசிப்பவர்களும் கை சூடாகி, யாரையும் கவர வேண்டிய அவசரம் இல்லாமல் வாசிப்பார்கள். வேறு எங்கேயோ கச்சேரி முடித்த வித்வான்கள் வாத்தியப் பெட்டியோடு வந்து பின்னால் நிற்பதைப் பார்க்கலாம். அவர்களைப் பார்த்ததும் மேடையில் இருப்பவரின் வாசிப்பு சட்டென்று மாறும். நம் சபாக்களில் முதல் வரிசையில் பெரிய வித்வான் வந்து உட்கார்ந்தால் நடப்பதேதான்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், வில்லேஜ் வேன்கார்டைச் சொல்வேன். செவன்த் அவென்யூ சவுத்தில், 1935-இல் மேக்ஸ் கார்டன் தொடங்கிய நிலவறை. படியிறங்கிப் போனால் ஆப்பு வடிவத்தில் ஒரு சின்ன அறை. 120 பேர் சொச்சம்தான் உட்கார முடியும். சமையலறை உண்டு, ஆனால் சமையல் கிடையாது. வாத்தியக்காரர்கள் இளைப்பாறுகிற இடம் அது. செட் நடக்கும்போது பேசக் கூடாது, போனில் படம் பிடிக்கக் கூடாது. இதைத் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். (உங்களை ‘உஷ்’ என்றவர் அங்கே பழகியவராக இருந்தாலும் ஆச்சரியமில்லை.) இங்கே இன்னொரு வசதி உண்டு. ஒரே குழு செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு இரவு அதே அறையில் வாசிக்கும். ஒரே வித்வான் ஒரே சபாவில் ஆறு நாள் தொடர்ந்து பாடுவதை நம் ஊரில் எங்கே பார்க்கப் போகிறோம்? செவ்வாயன்று தயக்கமாகக் கேட்ட மெட்டு சனி, ஞாயிறுக்குள் வேறு ஆளாகியிருக்கும். பியானோ கலைஞர் பில் எவன்ஸ் குழுவின் புகழ்பெற்ற வேன்கார்டு ஒலிப்பதிவு 1961 ஜூன் 25-ஆம் தேதி நடந்தது. இரண்டு வாரக் கச்சேரியின் கடைசி நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதைக் கேட்டால் பின்னணியில் கண்ணாடிக் குவளைகளின் சத்தமும் பேச்சுக்குரல்களும் கேட்கும். அப்போது ‘உஷ்’ என்று சொல்ல ஆளில்லை போலிருக்கிறது.

திங்கள்கிழமை அங்கே 16 பேர் கொண்ட பெரிய வாத்தியக் குழு. 1966-இல் எக்காளக் கலைஞர் தாட் ஜோன்ஸும் டிரம்மர் மெல் லூயிஸும் தொடங்கியது. இன்று வேன்கார்டு ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெயரில் தொடர்கிறது. அவ்வளவு சின்ன அறையில் பித்தளை வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து எழும்பும்போது நெஞ்சுக்கூடு அதிரும். உங்கள் கணவருக்கு ஜாஸில் இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் அவரைத் திங்களன்று கூட்டிப் போங்கள்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில், வெஸ்ட் டென்த் ஸ்ட்ரீட்டில், ஸ்மால்ஸ். 1994-இல் தொடங்கியது, அதுவும் நிலவறைதான். பக்கத்திலேயே அதன் தங்கை போல மெஸ்ரோ. பியானோவுக்கென்றே அமைந்த அமைதியான அறை. தனியாகப் போகும் இரவுகளுக்கு எனக்குப் பிடித்தது. ஸ்மால்ஸின் கச்சேரிகள் இணையத்தில் நேரலையாக வருகின்றன. வீட்டில் இரண்டு மாலை அதைப் போட்டுக் கேளுங்கள். யார் உங்கள் காதுக்கு ஒத்துவருகிறார்கள் என்று பார்த்து, அப்புறம் டிக்கெட் வாங்கலாம். பெரிய பெயரைத் தேடிப் போகிறவர்கள் இதைச் செய்வதில்லை, பிறகு ஏமாந்தேன் என்கிறார்கள். என்னைக் கேட்டால் நல்ல டிரம்மர் யார் என்று பார்த்துப் போவேன். டிரம்மர் சுமாராக இருந்தால் மேலே எவ்வளவு பெரிய ஆள் வாசித்தாலும் கச்சேரி எழும்பாது. மிருதங்கம் சரியில்லாத கச்சேரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிச் செட்டுக்குப் பிறகு ஸ்மால்ஸ் மாதிரி இடங்களில் ஜாம் செஷன் நடக்கும். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மேடையேறலாம். 1940-களின் தொடக்கத்தில் மன்ஹாட்டனின் ஹார்லெம் பகுதியில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற கிளப்பில் இப்படி நள்ளிரவில் கூடி வாசித்தபோதுதான் தெலோனியஸ் மங்க், கென்னி கிளார்க், டிஸ்ஸி கில்லெஸ்பி போன்றவர்கள் பீபாப் என்ற புது நடையை உருட்டித் திரட்டினார்கள். இன்றைய ஜாமில் எல்லோரும் மங்க் இல்லை. மூன்று பேர் சொதப்புவார்கள், நான்காவதாக இருபது வயதுப் பெண் ஒருத்தி எக்காளத்தோடு ஏறி எல்லோரையும் வாயடைக்க வைப்பாள். அந்த மூன்று பேரையும் பொறுத்துக்கொள்ளத் தெரிந்தால்தான் அந்த நேரம் ருசிக்கும்.

சரி, கைதட்டல். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவள் என்கிறீர்கள். அது பெரிய கைமுதல். பழைய ஜாஸ் பாட்டுகளில் பெரும்பாலானவை 32 பார் (பார் என்பது தாளத்தின் ஒரு சிறு கூறு). பாருக்கு 4 எண்ணிக்கை, ஆக 128. மனதுக்குள் 8 எண்ணிக்கை ஆதி தாளம் போட்டால் சரியாக 16 ஆவர்த்தனம், அதாவது 16 தாளச் சுற்று. முதல் 4 ஆவர்த்தனம் ஒரு மெட்டு, அடுத்த 4 அதே மெட்டு, மூன்றாவது 4 வேறொன்று, கடைசி 4 மறுபடி முதல் மெட்டு. அந்த மூன்றாவது பகுதிக்கு ‘பிரிட்ஜ்’ என்று பெயர். அது முடிந்து பழைய மெட்டு திரும்பும்போது, பல்லவிக்கு வந்து சேர்ந்த நிம்மதி உங்களுக்கே கிடைக்கும். முதலில் எல்லோருமாகச் சேர்ந்து மெட்டை ஒரு முறை வாசிப்பார்கள், அதுதான் ‘ஹெட்’. பிறகு ஒவ்வொருவராக அதே 16 ஆவர்த்தனத்தைச் சுற்றிச் சுற்றித் தங்கள் கற்பனையை வாசிப்பார்கள். கடைசியில் மறுபடி ஹெட். ப்ளூஸ் என்றால் 12 பார்தான், 6 ஆவர்த்தனத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். எல்லாப் பாட்டும் இப்படி இருக்காது. புதியவர்கள் 5, 7 என்று கணக்கு மாற்றுவார்கள். பழைய பாட்டில் தொடங்கினால் இந்தப் பிடி போதும்.

ஒரே ஒரு சிக்கல். ஆதி தாளத்தில் உங்கள் தட்டு விழுவது 1, 5, 7-இல். ஜாஸ் டிரம்மர் காலால் ஜாலராவை மூடித் திறக்கும் அழுத்தம் 2, 4, 6, 8-இல். உங்கள் கை விழுகிற இடத்திலெல்லாம் அவர் கால் சும்மா இருக்கும். முதல் சில வாரம் இது எரிச்சலாக இருக்கும். தொடையில் தாளம் போடுவதை விட்டுவிட்டு, காலால் அந்த இரட்டைப்படை எண்களை மட்டும் தட்டிப் பாருங்கள். உடம்பு ஆடத் தொடங்குவது அப்போதுதான்.

ஒருவர் தன் சுற்றுகளை முடித்து அடுத்தவருக்கு விடும்போது கைதட்டலாம். பாட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வயலின்காரர் ஆலாபனை முடித்ததும் தட்டுகிறோமே, அதே போல. பிறகு மற்ற வாத்தியக்காரரும் டிரம்மரும் 4 பார் இவர், 4 பார் அவர் என்று மாறி மாறி வாசிக்கும் கட்டம் வரும். தனி ஆவர்த்தனத்தில் தாள வாத்தியங்கள் மாறி மாறி வாசிக்கும் குறைப்பு கேட்ட உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவர் பங்கும் 2 ஆவர்த்தனம். பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தனி வாசிப்பு வரும்போது மட்டும் பேச்சுச் சத்தம் கூடும், பானம் கேட்டுக் கை உயரும். தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து கேன்டீனுக்குப் போகிற நம் ஜனங்களை நினைத்துக்கொண்டு நீங்கள் அமைதியாக உட்காருங்கள். பாஸ்காரர் பார்த்துவிடுவார்.

நமக்கு முற்றிலும் அந்நியமான உலகமும் இல்லை இது. பியானோ கலைஞர் விஜய் ஐயர் தமிழ்ப் பெற்றோருக்கு 1971-இல் நியூயார்க் மாநிலத்திலேயே பிறந்தவர். சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மஹந்தப்பா நம் கத்ரி கோபால்நாத்தோடு சேர்ந்து 2008-இல் ஓர் இசைத்தட்டே வெளியிட்டார். இவர்கள் பெயர் பட்டியலில் வந்தால் கணவரையும் நண்பர்களையும் இழுத்துக்கொண்டு போங்கள்.

உட்காரும் இடம்: முதல் வரிசைக்கு அடித்துக்கொள்ளாதீர்கள். பியானோ விரல்கள் தெரிய வேண்டுமானால் பெரும்பாலும் நம் பக்கத்திலிருந்து இடது ஓரம் நல்லது. தனியாகப் போனால் பானம் கொடுக்கும் பார் மேடையின் உயர நாற்காலி வசதி. தனியாக வந்த பெண் என்று யாரும் வினோதமாகப் பார்க்க மாட்டார்கள். கேட்க வருகிறவர்களில் தனி ஆட்களும் உண்டு. திரும்பும் வழியும் உங்களுக்குச் சுலபம். ஜெர்சிக்கு ஓடும் பாத் ரயிலின் கிறிஸ்டோபர் ஸ்ட்ரீட் நிலையம் இந்தக் கிளப்புகளுக்கு நடக்கும் தூரம். இரவு முழுக்க ஓடுகிறது, ஆனால் நள்ளிரவுக்கு மேல் ரயில்களுக்கு இடையே நேரம் நீளும். கடைசிப் பாட்டின்போதே போனில் நேரம் பார்க்காமல், உள்ளே நுழையும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹட்சன் ஆற்றைத் தாண்டாமலும் கேட்கலாம் என்பது ஜெர்சிக்காரர்களுக்கே பாதி பேருக்குத் தெரிவதில்லை. பாடகி சாரா வான், சாக்ஸபோன் கலைஞர் வெய்ன் ஷார்ட்டர் இருவரும் நியூ ஜெர்சியின் நுவர்க்கில் பிறந்து வளர்ந்தவர்கள். ஜாஸ் வானொலியான டபிள்யூபிஜிஓ, 88.3 எஃப்எம், அங்கிருந்துதான் ஒலிக்கிறது. சமையல் செய்யும்போது அதை ஓடவிடுங்கள், ஒரு மாதத்தில் பாதிப் பாட்டுகள் காதுக்குப் பழகிவிடும். நுவர்க்கின் நிகழ்கலை மையத்தில் நவம்பரில் சாக்ஸபோன் கலைஞர் ஜேம்ஸ் மூடி பெயரில் ஜாஸ் விழா நடக்கும். செலவே இல்லாமல் வேண்டுமா? ஆகஸ்ட் கடைசியில் மன்ஹாட்டனில் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் பெயரில் ஜாஸ் விழா. ஹார்லெமின் மார்கஸ் கார்வி பார்க்கிலும், பார்க்கர் குடியிருந்த வீட்டுக்கு எதிரே உள்ள டாம்ப்கின்ஸ் ஸ்கொயர் பார்க்கிலும் இலவசக் கச்சேரி. புல்லில் விரிப்பு போட்டு, டப்பாவில் புளியோதரை கொண்டுபோய் உட்காரலாம். அங்கே பேசினாலும் யாரும் ‘உஷ்’ என்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. பத்துக் கிளப்பை ஒவ்வொரு முறை பார்ப்பதைவிட ஓர் அறைக்குப் பத்து முறை போங்கள். நான்காவது முறை வாசலில் இருப்பவர் தலையசைப்பார். ஆறாவது முறை, “இன்னிக்கு ரெண்டாவது செட்டுக்கு இருங்க, ஒருத்தர் வர்றார்” என்பார். யார் என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டார். இருந்து பாருங்கள்.