ஸ்பென்சரை யார் கொன்றது?

அன்புள்ள சார்,

போன வாரம் அப்பாவோடு சென்னையில் ஸ்பென்சர் பிளாசா மால் போயிருந்தேன். தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கே கால் வைக்க இடமிருக்காதாம். இப்போது வரிசையாக ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. எக்ஸ்பிரஸ் அவென்யூ, பீனிக்ஸ் என்று புது மால்கள் வந்து அதைக் கொன்றுவிட்டன என்கிறார் அப்பா. அவ்வளவுதானா?

ம., விழுப்புரம்

அன்புள்ள ம.,

அப்பா சொல்வது பாதி சரி. 2010இல் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ திறந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது உண்மைதான். ஆனால் புது மால் வந்தால் பழையது படுத்தே ஆகவேண்டும் என்று சட்டமா இருக்கிறது? ஸ்பென்சருக்கு இது பிறவி நோய். கடைகளைத் துண்டு துண்டாகப் பலருக்கு விற்றுவிட்டார்கள்.

எக்ஸ்பிரஸ் அவென்யூவில் இருப்பவர்கள் வாடகைதாரர்கள். எந்தத் தளத்தில் துணி, எங்கே சாப்பாடு, எந்தக் கடை ஓடவில்லை, அதைத் தூக்கிவிட்டு யாரைக் கொண்டுவரலாம் என்பதையெல்லாம் ஒரே நிர்வாகம் உட்கார்ந்து முடிவு செய்யும். ஸ்பென்சரில் அதற்கு வழியே இல்லை. ஒருவர் மொபைல் கவர் மாட்டுவார், அடுத்த கடைக்காரர் சூட்கேஸ் விற்பார், அதற்கடுத்தவர் பூட்டிவிட்டு எங்கேயோ இருப்பார், அவரை யாரும் எதுவும் கேட்க முடியாது. போதாததற்கு மூன்று ஃபேஸ்களாக, அதாவது மூன்று கட்டங்களாக, ஒட்டி ஒட்டிக் கட்டியது; ஒன்றில் நுழைந்து இன்னொன்றில் வெளியே வந்து ‘நாம் எங்கே நிற்கிறோம்’ என்று முழிக்காத சென்னைக்காரர் குறைவு.

வேடிக்கை என்னவென்றால், அதே பெயரில் அதற்கு முன்னால் நடந்தது நேர் எதிரான வியாபாரம். 1863-64 வாக்கில் சார்லஸ் டுரண்டும் ஜே.டபிள்யூ. ஸ்பென்சரும் தொடங்கிய கடை அது. பின்னால் யூஜின் ஓக்‌ஷாட் கைக்குப் போய், மவுண்ட் ரோட்டில் 1895இல் போக்சன் வடிவமைத்த இந்தோ சாரசெனிக் (இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகள் கலந்த) கட்டடம் எழுந்தது. ஒரே முதலாளி, ஒரே கூரை, எல்லாச் சரக்கும். சோடாவும் அவர்களுடையதே, திண்டுக்கல்லில் சுருட்டும் செய்தார்கள், பக்கத்தில் கன்னிமாரா ஹோட்டலும் அவர்களுடையதாக இருந்தது. அந்தக் கட்டடம் 1983இல் தீயில் போனது. அந்த இடத்தில்தான் 1991இல் பிளாசாவின் முதல் ஃபேஸ் வந்தது. ஏசியில் சும்மா சுற்றுவதற்கென்றே வெயில் காலத்தில் போனவர்கள் ஏராளம், நானும்தான். லேண்ட்மார்க் புத்தகக் கடை இருந்தவரை எனக்கு வேறு காரணமும் தேவைப்படவில்லை.

அப்புறம், ‘கொன்றுவிட்டன’ என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம். மேல் தளங்களில் அலுவலகங்கள் இருக்கின்றன, மதியத்தில் அந்தக் கூட்டம் கீழே இறங்கும். துண்டாக விற்றதில் ஒரு லாபமும் உண்டு: சொந்தக் கடைக்காரருக்கு மாத வாடகை கிடையாது, இரண்டு பேர் வந்தாலும் திறந்து உட்காருவார். ஒரே முதலாளியின் கட்டடமாக இருந்திருந்தால் இதற்குள் இடித்து வேறு ஏதாவது கட்டியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. இப்போது இடிக்க வேண்டுமானாலும் அத்தனை சொந்தக்காரர்களிடமும் பேச வேண்டுமே!

அடுத்த முறை போனால் காஷ்மீர் கைவினைக் கடைகளுக்குள் நுழைந்து பாருங்கள். சால்வையைப் பிரித்துக் காட்டிவிட்டு ஒரு விலை சொல்வார்கள், கூச்சப்படாமல் பாதியிலிருந்து பேரம் ஆரம்பியுங்கள்.