பரம எதிரிக்கு ஒரு சனிக்கிழமை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், மேற்குக் கரையின் பேக்-12 கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) 2023 கோடையில் சிதறிப்போனதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். என் மகள் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலையில் எம்.எஸ். படிக்கிறாள். ஸ்டில்வாட்டர் என்ற சின்ன ஊர். அங்கே வாயைத் திறந்தால் ‘பெட்லம்’ ஆட்டத்தைப் பற்றித்தான் பேச்சாம். நார்மனில் இருக்கும் ஓக்லஹோமா பல்கலையோடு வருடந்தோறும் நடந்துவந்த ஆட்டம். ஆனால் அவள் போய்ச் சேர்ந்த பிறகு ஒன்றுகூட நடக்கவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். ஓக்லஹோமா வேறு கான்ஃபரன்ஸுக்குப் போய்விட்டதாம். போனால் என்ன? இரண்டும் ஒரே மாநிலத்தில்தான் இருக்கின்றன. ரசிகர்கள் கேட்கிறார்கள், டிக்கெட் விற்கும், டிவிக்காரர்கள் வேண்டாமென்றா சொல்லப்போகிறார்கள்? ஒரு சனிக்கிழமை பார்த்து ஆடிவிட்டுப் போகவேண்டியதுதானே? டெக்ஸஸும் டெக்ஸஸ் ஏ அண்ட் எம்மும் திரும்ப ஆடத் தொடங்கிவிட்டார்கள் என்கிறாள். அவர்களால் முடிந்தது இவர்களால் ஏன் முடியவில்லை? ‘எல்லாம் பணம்’ என்று முடித்துவிடாமல் கொஞ்சம் விளக்குங்களேன்.

எம்.ஆர்., கோவை

அன்புள்ள எம்.ஆர்.,

பணம் என்பதில் பொய்யில்லை. ஒளிபரப்பு உரிமை முழுவதையும், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. தன் கையில் வைத்திருந்தது. அந்தப் பிடியை 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முறித்தது. வழக்குப் போட்ட இரண்டு தரப்பில் ஒன்று, உங்கள் மகளின் கல்லூரிக்குப் பரம எதிரியான அதே ஓக்லஹோமாதான். அதன்பிறகு ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தனக்கென்று டிவி ஒப்பந்தம் போட்டது. 2022-ல் பிக் டென் என்ற கான்ஃபரன்ஸ், ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி என்ற மூன்று டிவி நிறுவனங்களோடும் ஏழு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் கையெழுத்திட்டது. அந்தப் பங்குக்காகத்தான் அணிகள் கூடு மாறுகின்றன.

ஆனால் கூடு மாறினால் பழைய பகை செத்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஜார்ஜியா டெக் 1964-ல் எஸ்இசி என்ற தென்மாநிலக் கான்ஃபரன்ஸை விட்டு வெளியேறியது. இன்றும் நவம்பர் கடைசியில் ஜார்ஜியாவோடு ஆடுகிறது. தென் கரோலினா 1971-ல் ஏசிசி என்ற இன்னொரு கான்ஃபரன்ஸை விட்டுப் போனது. கிளெம்சனோடு அதன் ஆட்டம் 1909-லிருந்து 2019 வரை ஒரு வருடம்கூட விட்டுப்போகவில்லை. 2020-ல் நின்றதற்கும் காரணம் கொரோனா. ஆகவே ‘வேறு கான்ஃபரன்ஸ்’ என்பது சாக்கு. தேதியும், சொந்த மைதானக் கணக்கும், கொஞ்சம் ரோஷமும்தான் உண்மையான காரணங்கள்.

முதலில் கணக்கு. ஒரு சீசனுக்கு ஓர் அணிக்கு 12 ஆட்டங்கள். பிக் டென், பிக் 12 இரண்டிலும் ஒன்பது ஆட்டங்கள் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே போய்விடும். எஸ்இசி எட்டோடு நின்றிருந்தது, 2026-லிருந்து அங்கும் ஒன்பது. மிச்சம் மூன்று. ஒன்பது ஒற்றைப்படை என்பதால் ஒரு வருடம் நான்கு ஆட்டம் சொந்த மைதானத்தில், மறு வருடம் ஐந்து. பெரிய பல்கலைகள் வருடத்துக்கு ஏழு ஆட்டமாவது தங்கள் மைதானத்தில் நடக்கவேண்டும் என்று நிற்கும். டிக்கெட், பார்க்கிங், நன்கொடையாளர்களின் இருக்கைகள், ஊரிலுள்ள ஓட்டல்கள் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. 2025 ஜூலையிலிருந்து வீரர்களுக்கே வருடம் சுமார் 2 கோடி டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம் என்று ஆனபிறகு, அந்த ஏழாவது ஆட்டத்தை யாரும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

மூன்றில் ஒன்றோ இரண்டோ, காசு கொடுத்துக் கூப்பிடும் சின்ன அணிகளுக்குப் போகும். அவர்கள் வந்து அடிவாங்கிவிட்டு, காசோலையோடு போய்விடுவார்கள். ‘அடுத்த வருடம் நீ என் ஊருக்கு வா’ என்று கேட்கமாட்டார்கள். பரம எதிரி கேட்பான். அங்கேதான் சிக்கல்.

இந்தச் சிக்கலைச் சரியாக அவிழ்த்தவர்கள் அயோவாவும் அயோவா ஸ்டேட்டும். அயோவா பிக் டென், அயோவா ஸ்டேட் பிக் 12. ஆனாலும் 1977-லிருந்து, கொரோனா ஆண்டு ஒன்று நீங்கலாக, செப்டம்பரில் ஆடிவிடுகிறார்கள். அயோவாவின் அட்டவணையைப் பாருங்கள். 2024-ல் அதற்குக் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் சொந்த ஊரில் நான்குதான். அந்த வருடம் அயோவா ஸ்டேட் அயோவா சிட்டிக்கு வந்தது, கூடவே இல்லினாய் ஸ்டேட்டும் டிராயும் வந்தன. மொத்தம் ஏழு. 2025-ல் சொந்த ஊரில் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் ஐந்து. இப்போது அயோவா ஸ்டேட்டின் ஊரான ஏம்ஸுக்குப் போய் ஆடினாலும் நஷ்டமில்லை, ஆல்பனியும் மாசசூசெட்ஸும் வந்ததில் மறுபடி ஏழு. இது நடக்க, இரு அணிகளின் நான்கு-ஐந்து சுழற்சியும் எதிரெதிராக இருக்கவேண்டும். ஒரே வருடத்தில் இருவருக்குமே நான்கு என்று அமைந்துவிட்டால், அந்த வருடம் பயணம் போகிறவனுக்கு ஆறோடு நின்றுவிடும். கான்ஃபரன்ஸ் அலுவலகத்தில் அட்டவணை போடுகிறவருக்கு மனம் வைத்தால் மாற்றக்கூடிய விஷயம்தான். மனம் வைக்கச் சொல்லி யாராவது போய்க் கேட்கவேண்டும்.

பெட்லத்துக்காக அப்படி யாரும் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை. ஓக்லஹோமா ஸ்டேட்டும் இருக்கும் பிக் 12-ஐ விட்டு ஓக்லஹோமா, டெக்ஸஸோடு சேர்ந்து எஸ்இசிக்குப் போகிறது என்ற செய்தி 2021 ஜூலையில் வந்தது. வெளி அணிகளோடு போடும் ஒப்பந்தங்கள் பல வருடம் முன்பே கையெழுத்தாகிவிடும். ரத்து செய்தால் நஷ்டஈடு கட்டவேண்டும். ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் ஒரு பெரிய வெளி அணிக்கு இருந்த இடத்தை 2024-ல் ஆர்கன்ஸாவும் 2025-ல் ஓரிகனும் எடுத்துக்கொண்டன. ஓரிகனிடம் 69-3 என்று தோற்றார்கள். அதற்கு நார்மனுக்கே போய் உதை வாங்கியிருக்கலாம் என்று உங்கள் மகளின் நண்பர்கள் சொன்னால் மறுக்கமுடியாது.

அட்டவணைக்கு மேல் ரோஷம். விட்டுவிட்டுப் போனவன் நீ, உனக்காக நான் ஏன் இடம் ஒதுக்க வேண்டும் என்பது ஸ்டில்வாட்டரின் நியாயம். ஆட்டக் கணக்கில் ஓக்லஹோமா 91, ஓக்லஹோமா ஸ்டேட் 20, சமன் 7. ஆனால் 2023 நவம்பர் 4 அன்று நடந்த கடைசி ஆட்டத்தில் ஜெயித்தது ஸ்டில்வாட்டர்காரர்கள், 27-24. கடைசியாக ஜெயித்த பெருமையைக் கையில் வைத்திருப்பவன் மறு ஆட்டத்துக்கு அவசரப்படமாட்டான். 1904-ல் கத்ரியில் நடந்த முதல் ஆட்டத்தில் பந்து காற்றில் ஓடைக்குள் போய் விழ, இரண்டு அணிக்காரர்களும் குளிர்ந்த தண்ணீரில் குதித்து அதைத் துரத்தினார்கள் என்று இன்றும் சொல்வார்கள். அப்படி ஆரம்பித்த ஒன்று கால அட்டவணையில் இடமில்லாமல் நிற்கிறது.

டெக்ஸஸ், ஏ அண்ட் எம் விஷயத்தில் உங்கள் மகள் சொன்னது சரி. ஆனால் அவர்கள் மனம் மாறித் திரும்ப ஆடவில்லை. 2011-ல் டெக்ஸஸ், ஈஎஸ்பிஎன்னோடு 20 வருடத்துக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தத்தில் தனக்கென்று ஒரு சேனலே தொடங்கியது. எரிச்சலான ஏ அண்ட் எம் எஸ்இசிக்குப் போக முடிவெடுத்தது. அந்த வருட தேங்க்ஸ்கிவிங் வியாழனன்று, கடைசி நொடி ஃபீல்டு கோலில் டெக்ஸஸ் 27-25 என்று ஜெயித்தது. பிறகு 13 வருடம் ஆட்டமே இல்லை. இடைப்பட்ட காலம் முழுக்க, ஏ அண்ட் எம் ரசிகர்கள் தங்கள் அணிப் பாட்டில் டெக்ஸஸைக் கிண்டல் செய்யும் வரிகளைப் பாடிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆடுவது மிசிசிப்பி ஸ்டேட்டோடு. ஆனாலும் தோளோடு தோள் கோர்த்து, இடமும் வலமுமாக ஆடி, டெக்ஸஸ் அணியின் சின்னமான, களத்தில் இல்லாத காளையின் கொம்பைப் பாட்டிலேயே அறுப்பார்கள். வெளியூர்க்காரர்கள் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

2024-ல் டெக்ஸஸும் எஸ்இசிக்குள் வந்ததால் அட்டவணையே இருவரையும் மோதவிட்டது. அந்த நவம்பர் 30-ல் ஏ அண்ட் எம்மின் ஊரான காலேஜ் ஸ்டேஷனில் டெக்ஸஸ் 17-7 என்று ஜெயித்தது. மறு வருடம் தன் ஊரான ஆஸ்டினில், அதுவரை தோற்காத ஏ அண்ட் எம்மை 27-17 என்று மடக்கியது. முதலாவது சனிக்கிழமை இரவு, இரண்டாவது வெள்ளிக்கிழமை இரவு. வியாழக்கிழமை வழக்கம் திரும்பவில்லை. நாளையும் நேரத்தையும் டிவிதான் முடிவு செய்கிறது. ஆக, அணிகளை இடம்மாற்றிய அதே அலைதான் இந்த ஆட்டத்தை நிறுத்தியது, திருப்பியும் கொடுத்தது. யூட்டா மாநிலத்தின் பரம எதிரிகளான யூட்டா, பிஒய்யு (பிரிகம் யங் பல்கலை) இரண்டும் பிக் 12-ல் மறுபடி ஒன்றானதும் இதே கதைதான்.

ஆட்டம் நின்றுபோவதைவிட, நடந்தும் உப்புச்சப்பில்லாமல் போவதுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. அதற்கு வாஷிங்டன் மாநிலத்தின் ஆப்பிள் கப்பைப் பார்க்கவேண்டும். சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டனும், கிழக்கே கோதுமை வயல்களுக்கு நடுவில் புல்மனில் இருக்கும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மோதும் ஆட்டம். நவம்பர் கடைசியில், சீசனின் முடிவில் நடக்கும். 1992-ல் புல்மனில் பனி கொட்டக் கொட்ட ஆடினார்கள். வாஷிங்டன் ஸ்டேட்டின் ட்ரூ பிளெட்சோ எறிந்த பந்தை ஃபிலிப் போபோ பிடித்து, சறுக்கிக்கொண்டே போய்க் களத்தின் ஓரத்தில் குவிந்திருந்த பனிக்குள் புதைந்தார். 42-23. அந்தப் படம் இல்லாத வாஷிங்டன் ஸ்டேட் ரசிகர் வீட்டைப் பார்ப்பது கடினம்.

2024-ல் வாஷிங்டன் பிக் டென்னுக்குப் போனது. அங்கே கடைசி வாரம் கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்கு உரியது, வாஷிங்டனுக்கு அது இப்போது ஓரிகன். ஆப்பிள் கப்பை 2028 வரை ஆடுவதாக ஒப்பந்தம் போட்டார்கள். நல்ல காரியம். ஆனால் இதுவரை கிடைத்த தேதிகள் செப்டம்பரில்தான். வாஷிங்டன் பல்கலையில் இலையுதிர்கால வகுப்புகள் செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும். அதாவது, அந்த வருடத்தின் பரம எதிரி ஆட்டம் முடிந்த பிறகுதான் புது மாணவர் முதல் வகுப்புக்கே போகிறார். யாரை, எதற்காக வெறுக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. 2024 ஆட்டம் இரண்டு வளாகத்திலும் இல்லாமல் சியாட்டிலின் லூமென் ஃபீல்டில் நடந்தது. வாஷிங்டன் ஸ்டேட் 24-19. நல்ல ஆட்டம்தான். பனி இல்லை, சீசனின் கணக்கைத் தீர்க்கும் பதற்றமும் இல்லை.

கான்ஃபரன்ஸுக்குள்ளேயே இருக்கும் பகைகளுக்கும் இடநெருக்கடி உண்டு. எஸ்இசியில் 16 அணி, ஓர் அணிக்கு 15 எதிரிகள். எட்டு ஆட்டத்தில் மூன்று நிரந்தர எதிரி வைத்தால் மிச்சம் ஐந்து இடம், சுழற்சியில் பன்னிரண்டு அணி. கணக்கு உதைக்கும். ஒரே ஒரு நிரந்தர எதிரி என்றால் கணக்கு சரியாக வரும், ஆனால் ஆபர்னுக்கு அலபாமாவா ஜார்ஜியாவா என்று அடிதடி. ஒன்பது ஆட்டமென்றால் மூன்றும் ஆறும், இரண்டு வருடத்தில் எல்லோரையும் சந்தித்துவிடலாம். 2026 முதல் இதுதான் ஏற்பாடு. அதிலும் அலபாமா-எல்எஸ்யு, டென்னசி-ஃபுளோரிடா போன்றவை வருடாந்தரப் பட்டியலில் இல்லை. 18 அணி இருக்கும் பிக் டென் பன்னிரண்டே ஜோடிகளைத்தான் காப்பாற்றி வைத்திருக்கிறது. அயோவாவுக்கு மூன்று, பென் ஸ்டேட்டுக்கு ஒன்றுமில்லை. 1903-ல் 6-6 என்று முடிந்த ஆட்டத்துக்குப் பிறகு மிச்சிகன்காரர்கள் மினசோட்டாவில் மறந்துவிட்டுப் போன 30 சென்ட் தண்ணீர் ஜாடிக்காக நடக்கும் ஆட்டம், அந்தப் பன்னிரண்டில் இல்லை.

சாம்பியனை முடிவுசெய்யும் பிளேஆஃப் 12 அணியாக விரிந்ததன் விளைவையும் சொல்லவேண்டும். 2024 நவம்பர் 30-ல் ஒஹாயோ ஸ்டேட், சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றது. மிச்சிகன்காரர்கள் களத்தின் நடுவில் கொடி நட்டார்கள், கைகலப்பு, போலீஸ் மிளகுத் தூள் ஸ்பிரே வரை போனது. முன்பெல்லாம் அந்த ஒரு தோல்வி சீசனையே முடித்திருக்கும். ஒஹாயோ ஸ்டேட் ஜனவரி 20-ல் நோட்டர் டேமை வென்று சாம்பியன் ஆனது. வழியில் ரோஸ் பவுலில் ஓரிகனை 41-21 என்று வென்றது. போருக்குப் பின் 1947-லிருந்து பிக் டென்னும் மேற்குக் கரையும் மோதுவதற்கென்றே வைத்திருந்த மேடையில், இரண்டு பிக் டென் அணிகள்.

உங்கள் மகளிடம், ஏதாவது ஒரு பழைய ஆட்டம் ‘திரும்பி வந்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் என்று பார்க்கச் சொல்லுங்கள். கேன்சஸும் மிசூரியும் 2025-ல் ஆடின, 2026-லும் ஆடும், பிறகு 2031 வரை இல்லை. பிட்ஸ்பர்க்கும் மேற்கு வர்ஜீனியாவும் 2022-லிருந்து 2025 வரை நான்கு ஆடிவிட்டு, 2029-க்காகக் காத்திருக்கின்றன. தொடர்ந்து ஆடினால்தான் பகை வளரும். நான்கு வருடப் படிப்பில் ஒருமுறைகூடப் பார்க்காத எதிரி மேல் யாருக்கும் கோபம் வராது.

கூடைப்பந்தில் அவளுக்கு பெட்லம் கிடைக்கும். அங்கே சீசனுக்கு முப்பது ஆட்டத்துக்கு மேல், ஒன்றை ஒதுக்குவது பெரிய விஷயமில்லை. கான்ஃபரன்ஸ் பிரிந்த பிறகும் ஆண்கள் அணிகள் டிசம்பரில் ஓக்லஹோமா சிட்டியில் சந்தித்துக்கொண்டன. நார்மனுக்கும் ஸ்டில்வாட்டருக்கும் நடுவில் இருக்கும் ஊர், யாருடைய சொந்த மைதானமும் இல்லை. அதனால் ஏழா ஆறா என்ற சண்டையும் இல்லை. டிக்கெட்டைச் சீக்கிரம் வாங்கச் சொல்லுங்கள்.