ஆட்டின் வாலிலிருந்து வந்த பாட்டு

கேள்வி: பேரப்பிள்ளைக்கு 'ஸ்டீம்போட் வில்லி' என்ற பழைய மிக்கி மவுஸ் படத்தைக் காட்டினேன். ஒலியோடு வந்த முதல் கார்ட்டூன் அதுதான் என்கிறார்களே, உண்மையா? - ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலாவது இல்லை, அம்மா. மாக்ஸ் பிளெய்ஷரும் தம்பி டேவும் 1924 முதலே நியூயோர்க்கில் ஒலியோடு பாட்டுக் கார்ட்டூன்கள் செய்தார்கள். பாட்டு வரிகள் திரையில் வரும், அவற்றின் மேல் ஒரு பந்து துள்ளித் துள்ளிப் போகும், சனம் சேர்ந்து பாடும். போல் டெரி என்பவரின் 'டின்னர் டைம்' கார்ட்டூன் கூட மிக்கிக்குச் சில வாரங்கள் முந்தியதுதான். ஆனாலும் 1928 நவம்பர் 18 அன்று நியூயோர்க் கொலனி தியேட்டரில் ஓடிய மிக்கிதான் எல்லோருக்கும் நினைவில் நின்றது. அது நியாயம் என்றே நான் சொல்லுவேன்.

கொழும்பில் வருடக்கணக்காகப் படம் ஓட்டியவன் நான். 35 மில்லிமீற்றர் பிலிமில் ஒலி, படத்துக்குப் பக்கத்தில் மெல்லிய கோடாக ஓடும். ஒரு பிரேமுக்குரிய, அதாவது பிலிமிலுள்ள ஒரு தனிப் படத்துக்குரிய ஒலி அதற்கு நேரே இராது, சுமார் 20 பிரேம் முன்னால் இருக்கும். புரொஜெக்டரில் பிலிமைக் கோக்கும்போது கீழே விடும் வளைவு சற்றுப் பெரிதானால் போதும், திரையில் கதவு சாத்திய பிறகுதான் அதன் சத்தம் கேட்கும். நாலைந்து பிரேம் பிசகினாலே கண் கண்டுபிடித்துவிடும்.

ஊமைப்பட காலத்தில் ஒப்பரேட்டர் கை போன வேகத்தில் படம் ஓடியது. ஒலி வந்ததும் நொடிக்கு 24 பிரேம் என்று கட்டிப் போட்டார்கள். சரி, நொடிக்கு இரண்டு தாளம் என்றால் ஒரு தாளத்துக்கு 12 பிரேம். மிக்கி படத்தை எடுத்த வோல்ட் டிஸ்னியிடம் வேலை பார்த்த வில்ஃபிரெட் ஜாக்சன் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டார். அவருடைய தாய் பியானோ ரீச்சர், அதனால் டிக் டிக் என்று தாளம் காட்டும் மெட்ரோனோம் அவருக்குப் பழகிய சாமான். இசையை முதலில் கணக்கிட்டு, அதற்குப் படம் வரைந்தார்கள்.

ஒத்திகை பார்த்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். புரொஜெக்டரின் இரைச்சல் கேட்கக்கூடாது என்று வோல்ட் டிஸ்னியின் அண்ணன் ரோய் அதை யன்னலுக்கு வெளியே வைத்து ஓட்டினார். ஜாக்சன் மவுத் ஓர்கன் வாசிக்க, மற்றவர்கள் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சத்தம் எழுப்பினார்கள். அப்புறம் நியூயோர்க்கில் முதல் ஒலிப்பதிவு கெட்டுப்போனது, வாத்தியக்காரர்களால் படத்தோடு ஒட்டிப் போக முடியவில்லை. இரண்டாம் தடவை, இசை நடத்துநர் பார்த்துத் தாளம் பிடிக்க ஒரு துள்ளும் பந்தைப் பிலிமிலேயே பதித்துக் கொடுத்தார்கள். பிளெய்ஷரிடம் சனத்துக்காகத் துள்ளிய பந்து, இங்கே இசைக்குழுவுக்காகத் துள்ளியது.

இனிப் பேரப்பிள்ளையோடு பார்க்கும்போது சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஆடு பாட்டுத் தாளைத் தின்றுவிடும், மிக்கியின் தோழி மினி அதன் வாலைப் பிடித்துச் சுழற்றிப் பாட்டை வரவைப்பாள். அந்தச் சுழற்சிக்குக் கையால் தட்டிப் பாருங்கள். தாளம் தானாக வரும்.