பதில்: தலைக்காயத் தழும்பில் அழுத்தாத சைக்கிள் ஹெல்மெட்

காதுக்கு மேலே தையல் போட்ட இடத்தில் பழைய ஹெல்மெட் குத்துகிறது, உள்ளே தெர்மாகோலைச் செதுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து செதுக்காதீர்கள். அடியைத் தாங்குவது அந்தத் தடிமன்தான். விபத்தின்போது போட்டிருந்தது அதுதான் என்றால் வெளியே கீறலே இல்லாவிட்டாலும் தூக்கிப் போடுங்கள். ஒருமுறை நசுங்கிய தெர்மாகோல் அடுத்த அடியைத் தாங்காது.

டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகே புதிது வாங்குங்கள். புருவத்துக்கு 2 செ.மீ. மேலே நாடா வைத்துச் சுற்றளவு எடுங்கள். 57 வந்தால், 54–58 அளவைவிட 56–60 அளவு உங்களுக்கு நல்லது. கடையிலேயே 15 நிமிடம் போட்டிருந்து, கழற்றியதும் தழும்பைப் பாருங்கள். சிவந்திருந்தால் வேண்டாம்.

பெரும்பாலும் குத்துவது தெர்மாகோல் அல்ல, பின்திருகியோடு (ஹெல்மெட்டை இறுக்கப் பின்னால் இருக்கும் திருகு) சேர்ந்த பிளாஸ்டிக் வளையம். அது தலையை முழுக்கச் சுற்றாமல் பின்னால் மட்டும் பிடிக்கும் மாடலைத் தேடுங்கள். வெல்க்ரோ பஞ்சுகளைத் தழும்பின் மேல் வராமல் இருபுறமும் நகர்த்தி ஒட்டலாம். கூடுதல் பஞ்சு திணிக்காதீர்கள், ஹெல்மெட் மேலே ஏறிவிடும். தாடை வாரில் ஒரு விரல் நுழைந்தால் போதும். தலைவலியோடு மயக்கமோ வாந்தியோ வந்தால் ஹெல்மெட்டைக் குறை சொல்லாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.