கண்ணாடி போடுகிறவர் ஏன் வரவில்லை?

கேள்வி: எங்கள் கல்லூரியில் நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'மக்கள் பகைவன்' நாடகம் போட்டோம். ஊருக்கு நல்லது சொன்ன டாக்டரை ஊரே ஒதுக்கி வைக்கிறது. தனித்து நிற்பவனே உலகத்தில் பெரிய பலசாலி என்று அவர் சொல்லி முடித்ததும் அரங்கம் அதிரக் கைதட்டல். நம் கொங்கு மண்ணில் அப்படி ஒரு டாக்டர் ஏன் பிறக்கவில்லை?
– வாசகர், காங்கேயம்

பதில்: பிறக்காமல் என்ன? நொய்யல் சாயத் தண்ணீராக ஓடியபோது தொண்டை வற்றக் கத்திய விவசாயிகள் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்க் குட்டையாகிப் போனதைப் பார்த்தவர்கள். 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதே அவர்கள் தொடுத்த வழக்கில்தான். அன்றைக்கு டீக்கடை பெஞ்சில் அவர்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். (பட்டறையில் கூலிக்கு நின்றவனின் கோபத்தில் நியாயம் இருந்தது. முதலாளியின் கோபத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.)

இப்சன் 1882-ல் எழுதியதும் ஏறக்குறைய இதே கதைதான். ஊருக்கு வருமானம் தரும் குளியல் நிலையத்தின் தண்ணீரில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலக்கிறது. அதில் ஒரு தொழிற்சாலை டாக்டரின் மாமனாருடையது. குழாயை மாற்றிப் போட வேண்டும், இரண்டு வருடம் மூட வேண்டும் என்றதும் மேயராக இருக்கும் சொந்த அண்ணனே எதிரியாகிறார். டாக்டரின் கட்டுரையை வெளியிடத் துடித்த பத்திரிகை ஆசிரியர், செலவு ஊர்க்காரர்கள் தலையில் விழும் என்று தெரிந்ததும் நைசாகக் கழன்றுகொள்கிறார். இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு நாற்காலியில் உட்கார முடிவதில்லை.

சரி, நீங்கள் கைதட்டிய கடைசி அங்கத்துக்கு வருவோம். ஜன்னல் கண்ணாடியெல்லாம் கல்லெறிந்து உடைத்திருக்கிறார்கள். மகளுக்கு ஆசிரியை வேலை போகிறது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். டாக்டர் ஊரைக் கூட்டிப் பேச வீடு கொடுத்த கப்பல் கேப்டனுக்கும் வேலை போச்சு. ஆனால் இவர்களை விரட்டிய யாருக்கும் இவர்கள்மேல் பகை இல்லை, கவனித்தீர்களா? தலைமையாசிரியைக்கு மனசே இல்லை, ஆனால் வேறு வழியில்லை. வீட்டுக்காரரும் அதையே எழுதுகிறார். கப்பல் முதலாளியும் அப்படித்தான். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், "எனக்கொண்ணும் இல்லீங்க, நாளைக்கு நாலு பேரு கேட்டா என்னங்க சொல்றது?"

ஊர்க் கட்டுப்பாடு போட்டு ஒரு குடும்பத்தை ஒதுக்கும்போது நடப்பதும் இதுதான். யாரும் அரிவாளைத் தூக்குவதில்லை. மளிகைக் கடையில் சாமான் இல்லை என்பார்கள். கல்யாணச் சீர் செய்துவைக்கிற பெரியவரான அருமைக்காரர் வர மாட்டார். எழவுக்குக்கூட ஆள் வராது. தனியாகக் கேட்டுப் பார்த்தால் ஒவ்வொருவரும் தங்கமானவர்.

இன்னொன்று. உங்கள் டாக்டர் தானே தேர்ந்தெடுத்த சண்டையில் தனியானவர். வேண்டாம் என்றால் அமெரிக்காவுக்குக் கப்பலேறலாம் என்று யோசிக்கிற அளவுக்கு அவருக்கு வழி இருந்தது. டீக்கடையில் தனி டம்ளர் நீட்டப்பட்டவன் எந்த அறிக்கையும் எழுதவில்லை, எந்தக் கூட்டத்திலும் பேசவில்லை, பிறந்தான், அவ்வளவுதான். தனித்து நிற்பது பலம் என்று அவனிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

டாக்டர் அந்த வசனத்தைச் சொல்லும்போது தனியாகவும் இல்லை. மனைவியும் பிள்ளைகளும் சுற்றி நிற்கிறார்கள். மகள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். மனைவியோ சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுகிறாள், 'இந்த மனுஷன் திருந்த மாட்டார்' என்பதுபோல. உங்கள் மேடையில் அந்த அம்மாள் தலையாட்டினாரா, இல்லை அவரும் கைதட்டினாரா?

அடுத்த முறை போடும்போது ஒரு வேலை செய்யுங்கள். உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போடுகிறவருக்கு ஆள் அனுப்புகிறார்கள். இன்றைக்கு வர முடியுமா தெரியவில்லை என்று பதில் வருகிறது. இப்சன் அவரை மேடைக்கே கொண்டுவரவில்லை. நீங்கள் கொண்டுவாருங்கள், அவருக்கு நாலு வரி வசனமும் எழுதுங்கள். அதற்குக் கைதட்டல் எப்படி இருந்தது என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.